தலையீற்றுக்கு முன் இரண்டரை வருடப் படிப்பு

2021 ஆகஸ்டில் என் டாஷ்ஹண்ட் இனப் பெட்டை நாய் சிட்டுவுக்கு முதல் ஹீட் (சினைப்பருவம்) வந்தது. அவளுக்கு அப்போது ஒன்பது மாதம். நல்ல ஆண் நாய் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு அயனாவரத்தில் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக டாஷ்ஹண்ட் மட்டும் வளர்ப்பவர். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் 'சார்'தான்.

உட்கார வைத்து, மோர் கொடுத்து, மூன்று கேள்வி கேட்டார். "ராத்திரி ரெண்டு மணிக்குக் குட்டி வழியில மாட்டிக்கிச்சுன்னா எந்த டாக்டரை எழுப்புவம்மா?" "சிசேரியனுக்குப் பணம் தனியா எடுத்து வெச்சிருக்கியா?" "அஞ்சு வருஷம் கழிச்சு ஒருத்தர் நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டா, வெச்சுக்க இடம் இருக்கா?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "அப்போ படிச்சிட்டு வா. ஹீட் எங்கயும் ஓடிடாது" என்றார்.

எனக்கு முதல் ஈற்று நடந்தது 2024 ஜனவரியில். இடையில் போன இரண்டரை வருடத்தில் நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சின்ன ஜாதி நாய்களை வீட்டில் வளர்த்து, கணக்காக ஒன்றிரண்டு ஈற்று எடுக்க நினைப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் சிட்டுவின் கதை. அவளை விற்றவர் 'பேப்பர் உள்ள குட்டி' என்று சொல்லி ஒரு வம்சாவளிச் சான்றிதழும் கொடுத்திருந்தார். அதைப் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் போட்டு சாரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு, நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பைப் படிக்கும் கருவியை எடுத்து சிட்டுவின் பிடரியில் மெதுவாக நகர்த்தினார். சத்தம் வரவில்லை. தோள்பட்டை, கழுத்தின் இரண்டு பக்கம், மறுபடி பிடரி. எதுவும் வரவில்லை. "பேப்பர்ல பிளாக் அண்ட் டான்னு போட்டிருக்கு. உன் பொண்ணு செவப்பு" என்றார். அந்தச் சான்றிதழ் வேறு எதோ ஒரு நாயுடையது.

அதனால் என் முதல் பாடம் இதுதான்: கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழை வாங்கும்போதே அதிலுள்ள சிப் எண்ணும் நாயின் உடம்பில் இருக்கும் சிப் எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்து பாருங்கள். கிளப்பின் தலைமையகமே நம் சென்னையில் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு இருக்கும் வசதி வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லை.

பேப்பர் போனால் போகட்டும், நாய் நல்ல நாய்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு வயது முடிந்ததும் டாக்டரிடம் காட்டினேன். பின்னங்காலை நீட்டி மடக்கி, முழங்கால் சில்லைக் கட்டைவிரலால் தள்ளினார். 'க்ளிக்' என்று விலகி, விலகிய இடத்திலேயே நின்றது. நான்கு நிலைகளில் இரண்டாம் நிலை. சில்லு விலகுவது சின்ன ஜாதிகளில் அடிக்கடி வருகிற கோளாறு, குட்டிகளுக்கும் போகும். சிட்டு ஓடும்போது நடுவில் ஒரு தத்து தத்துவாள். அதை அவளுடைய செல்லக் குணம் என்று நாங்கள் ஒரு வருடம் ரசித்திருக்கிறோம். அன்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அழுதேன். அடுத்த மாதம் அவளுக்குக் கருத்தடை செய்தோம்.

என்னைக் கேட்டால், ப்ரீடர் ஆவதற்கான முதல் பரீட்சை இதுதான். உயிருக்கு உயிராக வளர்த்த நாயைப் பார்த்து 'உன்னிடமிருந்து குட்டி எடுக்க மாட்டேன்' என்று முடிவு செய்ய முடிகிறதா? அது முடியாதவர் மேற்கொண்டு எவ்வளவு படித்தாலும் பிரயோஜனம் இல்லை.

அதற்குப் பிறகுதான் சார் என்னை நம்பினார். 2022 மார்ச்சில் ஐந்து மாதக் குட்டி வள்ளியை என் கையில் கொடுத்தார். தன் கையெழுத்து இல்லாமல் மேட்டிங் கூடாது, முதல் ஈற்றில் ஒரு குட்டி தனக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டார். தொடங்குகிறவர்களுக்கு இப்படிப்பட்ட ஒப்பந்தம் வரப்பிரசாதம். தவறு செய்ய விடாமல் தடுக்க ஒரு ஆள் இருப்பார்.

நோட்டில் முதலில் எழுதியது ரத்த உறவுக் கணக்கு. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த அண்ணன் தங்கையைச் சேர்த்தால் குட்டிகளின் உள்ளினக் குணகம் (ஒரே முன்னோரின் ஒரே ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு) 25 சதவீதம். தகப்பனையும் மகளையும் சேர்த்தாலும் அதேதான். தகப்பன் மட்டும் ஒன்றாக இருந்தால் 12.5. சான்றிதழில் மூன்று தலைமுறைதான் தெரியும் என்பதால் அதற்கு மேலே உள்ள பெயர்களை சார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வள்ளிக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை இதில்தான் தள்ளுபடியானது. காட்சிகளில் பரிசு வாங்கிய நாய்தான், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே தாத்தா.

அடுத்தது நிறம். டாஷ்ஹண்டில் 'டேப்பிள்' என்று புள்ளி விழுந்த நிறம் ஒன்று உண்டு. இப்போது அதற்குத்தான் ஆசைப்பட்டு அதிக விலை கொடுக்கிறார்கள். இரண்டு டேப்பிளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு அந்த ஜீன் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும். அப்படிப்பட்ட குட்டிகள் குருடாகவோ செவிடாகவோ பிறக்கலாம். தெரிந்தே இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

மூன்றாவது, முதுகு. நீள உடம்பு, குட்டைக் கால் உள்ள இனம் என்பதால் முதுகெலும்புத் தட்டு விலகிப் பின்னங்கால் விழுந்துபோவது டாஷ்ஹண்டின் சாபக்கேடு. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 24 முதல் 48 மாத வயதுக்குள் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த தட்டுகள் எத்தனை என்று எண்ணி, அதிகம் இருந்தால் இனப்பெருக்கத்துக்கு விட மாட்டார்கள். அதைப் படித்த பிறகு வள்ளிக்கு இரண்டு வயது முடியும்வரை காத்திருந்தேன். உங்கள் இனம் வேறாக இருந்தால் பார்க்க வேண்டியதும் வேறு: பூடில், காக்கர் என்றால் விழித்திரை, கவேலியர் என்றால் இதயம், பக் என்றால் மூச்சு. பக் வளர்ப்பவர்கள் மே மாத மதியத்தில் அது மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்திருப்பார்கள். நம் ஊர் வெயிலுக்கு மூக்கு சப்பையான இனத்தைத் தொடக்கத்தில் எடுக்காதீர்கள் என்பது என் கருத்து.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாய் இனப்பெருக்கத்துக்கென்று மத்திய அரசின் 2017 விதிகள் இருக்கின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் குட்டி விற்கக் கூடாது. 18 மாதம் நிரம்பாத பெட்டையையும் 8 வயது தாண்டியதையும் சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவேடு வைக்க வேண்டும்; ஆய்வுக்கு வந்தால் காட்ட வேண்டும். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் தனியாக எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024இல் வந்த இனப்பெருக்கக் கொள்கையும் பெரிய விவாதமானது, அதனால் பழைய தகவலை நம்பாமல் வாரியத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படிப்பில் பெரும்பகுதி சார் வீட்டுப் பின்கட்டில்தான் நடந்தது. என் வீட்டில் ஈற்று நடக்கும் முன் மூன்று ஈற்றுக்கு அங்கே விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாவது ஈற்றில், குட்டி போட்டுப் பதினெட்டாம் நாள், தாய் திடீரென்று மூச்சிரைத்து, கால் விறைத்து நடுங்க ஆரம்பித்தது. சார் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, குட்டிகளைப் பிரித்துவிட்டுத் தாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது. டாக்டர் நரம்பில் மெதுவாக ஏற்றியதும் அரை மணியில் எழுந்து நின்றது. சின்ன ஜாதித் தாய்களுக்கு, பால் அதிகம் சுரக்கும் அந்த வாரங்களில் இது வரும். அந்தத் தாய்க்குச் சினைக்காலத்தில் வீட்டில் யாரோ ஆசையாகக் கால்சியம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் வேலையை உடம்பு மறந்துவிடும். சினைக்காலத்தில் தானாகக் கால்சியம் கொடுக்காதீர்கள்.

மேட்டிங் நாளை 'ஒன்பதாம் நாள், பதினொன்றாம் நாள்' என்று விரல்விட்டு எண்ணுவதுதான் நம் ஊர் வழக்கம். வள்ளிக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை ரத்தத்தில் புரோஜெஸ்ட்ரான் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்தோம். ஒரு மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமைத் தாண்டும்போது முட்டை வெளிவருகிறது. முதிர மேலும் இரண்டு நாள் ஆகும். அவளுக்கு அது பதினான்காம் நாளில்தான் வந்தது. விரல் கணக்கை நம்பியிருந்தால் வீணாகியிருக்கும். அதற்கு முன்பே இரண்டு நாய்களுக்கும், கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா தொற்றுக்கான சோதனையும், உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையும் முடித்திருந்தோம். சென்னையில் உண்ணி இல்லாத மாதமே கிடையாது.

முட்டை வெளிவந்த நாளிலிருந்து 63 நாள். சென்னைக்காரர்கள் இந்தக் கணக்கை நாள்காட்டியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரி கடைசியில் சேர்த்தால் அக்னி நட்சத்திரத்தில் குட்டி விழும். தாய் மூச்சிரைத்துப் பெட்டியை விட்டே ஓடும். நாங்கள் நவம்பரில் சேர்த்தோம். ஆனால் டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் வந்தது. வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் மின்சாரம் இல்லை. வள்ளிக்கு அப்போது ஒரு மாதச் சினை. ஈற்று நேரத்தில் அந்த மழை வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இரண்டு ராத்திரியும் தூக்கமில்லை. தண்ணீர் வடிந்ததும் இன்வெர்ட்டர் வாங்கினோம். குட்டிப் பெட்டியை மாடிக்கு மாற்றினோம்.

56ஆம் நாள் எக்ஸ்ரேயில் ஐந்து தலை தெரிந்தது. எத்தனை குட்டி என்று தெரியாமல் பிரசவம் பார்க்காதீர்கள். கடைசிக் குட்டி உள்ளேயே தங்கிவிட்டால் தெரியாமல் போகும். அதன் பிறகு தினமும் இரண்டு வேளை வள்ளியின் உடல் வெப்பத்தைக் குறித்தேன். 101இல் இருந்தது ஜனவரி 7ஆம் தேதி மாலை 98.4க்கு இறங்கியது. அப்படி 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் குட்டி போடும். சாருக்கு ஃபோன் போட்டேன், டாக்டருக்கும் சொல்லிவைத்தேன். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால், அல்லது முதல் குட்டிக்கு முன்பே பச்சை நிறத்தில் நீர் கசிந்தால், உடனே கிளம்ப வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன்.

மறுநாள் அதிகாலை மூன்று குட்டி சிரமமில்லாமல் வந்தன. நான்காவது வந்தபோது அசைவில்லை. வள்ளி சோர்ந்துபோய் அதை நக்கவும் இல்லை. குட்டியை மூடியிருந்த பையைக் கிழித்து, ரப்பர் பல்பால் வாயிலும் மூக்கிலும் இருந்த சளியை உறிஞ்சி, வெதுவெதுப்பான துண்டில் வைத்து முதுகைத் தேய்த்தேன். "தலை கீழ் பார்த்து இருக்கட்டும், ஆனா வீசிச் சுத்தாத. அந்தக் காலத்துல நாங்களே அப்படிச் செஞ்சோம், மூளையில அடிபடும்னு தெரியாம" என்று பக்கத்தில் சார் சொல்லிக்கொண்டே இருந்தார். நாக்கு நீலமாகவே இருந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஏழெட்டு நிமிடம் இருக்கும். ஒரு விக்கல் வந்தது. பிறகு இன்னொன்று. நாக்கு ஓரத்தில் ரோஸ் நிறம் பரவியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவன் எடை 190 கிராம். மற்ற நான்கும் 230க்கு மேல். மறுநாள் 178. பிறந்த எடையில் பத்து சதவீதம் குறைந்தால் ஆபத்து, அதாவது 171. சமையலறைத் தராசைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்து, இரண்டு மணிக்கொரு முறை அவனைப் பால் அதிகமுள்ள கடைசிக் காம்பில் பிடித்து வைத்தேன். ஜனவரிக் குளிருக்குப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் மூடி போட்ட பல்பு. தாய்க்குச் சூடு தாங்காவிட்டால் மறுபக்கம் நகர இடம் வேண்டும். முதல் வாரம் குட்டிகள் இருக்கும் மூலையில் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும். உடம்பு குளிர்ந்த குட்டிக்குப் பால் ஊட்டக் கூடாது, செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் பால். மூன்றாம் நாள் 184. பன்னிரண்டாம் நாள் 382. நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன்.

மூன்றாம் வாரத்திலிருந்து குட்டிகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். மிக்ஸி, குக்கர் விசில், காலிங் பெல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்த வயதிலேயே பழக வேண்டும். சந்தையில் ஐந்து வாரத்தில் தாயைப் பிரித்துக் கூடையில் வைத்து விற்கும் குட்டிகளுக்கு இது எதுவும் கிடைப்பதில்லை.

வீடு பார்ப்பது மேட்டிங்குக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். நான்கு வீடு உறுதியான பிறகுதான் சார் கையெழுத்துப் போட்டார். வருபவர்களிடம் பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், லிஃப்ட் இருக்கிறதா, சோபாவில் குதிக்க விடுவீர்களா என்று கேட்டேன். சிலருக்குக் கோபம் வந்தது. ஒருவர் "பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கே" என்று எழுந்து போய்விட்டார். போகட்டும். எந்தக் காரணத்துக்காக நாயை வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கினேன். ஒன்பது வாரம் முடிந்து, தடுப்பூசி போட்டு, சிப் பொருத்தித்தான் அனுப்பினேன். செலவு போகக் கையில் எதுவும் நிற்கவில்லை. வருமானத்துக்காக இதில் இறங்குபவர்கள் தயவுசெய்து வேறு தொழில் பாருங்கள்.

தெருவில் இத்தனை நாய் இருக்கும்போது நீ எதற்குக் குட்டி எடுக்கிறாய் என்று என் அம்மாவே கேட்டிருக்கிறார். ப்ளூ கிராஸ் 1964லேயே தெருநாய்க் கருத்தடையைத் தொடங்கிய ஊர் இது, கேள்வி நியாயமானது. என்னால் சொல்ல முடிந்த பதில் ஒன்றுதான்: நான் பிறக்க வைத்த எந்த உயிரும் தெருவுக்கோ காப்பகத்துக்கோ போகாது. அதை வாயால் சொன்னால் போதாது என்பதால்தான் திருப்பித் தரும் ஒப்பந்தம்.

போன வருடம் ஒரு குடும்பம் துபாய்க்கு மாற்றலாகிப் போனபோது அழுதுகொண்டே நாயைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த நான்காவது குட்டிதான். வந்த அன்று தராசில் ஏற்றினேன்: எட்டரைக் கிலோ. சார் அன்று மூன்றாவதாகக் கேட்ட இடம் மாடி அறையில், சிட்டுவின் படுக்கைக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது அவன் அங்கேதான் படுக்கிறான்.