மில்லுக்கு வாற சனம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அரைக்கிற மில் நடத்துகிறேன். வீட்டுச் சொந்தக்காரர் பாதிப்பேர் லண்டனிலும் கனடாவிலும். வீடுகளில் இருப்பது தீவார், வன்னியால் வந்த சனம், கம்பஸ் பிள்ளைகள். நான் வடக்குக் கரையிலிருக்கிற மயிலிட்டி. 1990இல் சண்டைக்குள் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டு, எங்கெங்கோ இருந்து, கடைசியில் இங்கே மோட்டரைப் பூட்டினேன். இப்பவும் சிலருக்கு நான் "மயிலிட்டிக்காரியின்ர மில்" தான்.

ஆர் எந்த ஊர் என்று நான் விசாரிப்பதில்லை. பையை அவிழ்த்தால் தெரியும். ஒடியல், அதுதான் காயவைத்த பனங்கிழங்கு, வந்தால் பெரும்பாலும் நெடுந்தீவு, புங்குடுதீவுப் பக்கம். தோல் உழுந்தும் வீட்டு நெல்லுக் குத்தின அரிசியும் வந்தால் வன்னியில் இனசனம் வயல் செய்கிறது என்று அர்த்தம். செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் பதமாக வறுபட்டு, மொறுமொறுவென்ற கறிவேப்பிலையும் சேர்ந்து ஒரே பையில் வந்தால் அது தலைமுறையாக இங்கேயே இருந்த வீடு.

போன வருசம் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒன்று வந்தது. மல்லி, சீரகம், கறுவாப்பட்டை, ஏலக்காய் எல்லாம் கறுக்க வறுத்த பை. "மிளகாய் எங்க பிள்ளை?" என்றேன். அவளுக்குத் தமிழ் அரைகுறை, என் சிங்களம் அதைவிட மோசம். கையைக் காட்டிக் காட்டிக் கதைத்த பிறகுதான் விளங்கியது, அவர்கள் மிளகாய்த்தூளைத் தனியாகத்தான் போடுவார்களாம். அவளுக்கு முன்னால் மில்லில் ஓடினது முழுக்கச் செத்தல். ஒரு சுண்டு அரிசியைப் போட்டு ஓட்டி, கல்லில் இருந்த உறைப்பை எடுத்துவிட்டுத்தான் அவளுடையதைக் கொட்டினேன். பின்னால் நின்ற மாஸ்ரருக்கு அது பொறுக்கவில்லை.

"ஊர் முழுக்க வந்தாக்களாப் போச்சு" என்றார்.

"அவள் உங்கட பின் அறையில தானே மாஸ்ரர் இருக்கிறாள்? முற்பணமும் வாங்கினனீங்கள் எல்லே?"

ஆள் பிறகு மழையைப் பற்றிக் கதைத்தார். நல்ல மனுசன்தான். தண்ணி, குப்பை, இரவிரவாக மோட்டார்சைக்கிள் என்று அவர் சொல்கிற குறைகளில் பாதி சரி. ஒரு வீட்டை நாலாகப் பிரித்து வாடகைக்கு விட்டால் கிணறு என்ன செய்யும்? ஆனால் பிரித்தது வந்தவன் இல்லையே.

எனக்குச் செத்தல் கொண்டுவந்து தருகிற முஸ்லிம் பெடியனின் கதை வேறு. தகப்பன் யாழ்ப்பாணத்தில், ஐந்து சந்திக்குக் கிட்டப் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30இல் நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் குடுத்துப் புலிகள் வெளியேற்றினார்களே, அதில் போன குடும்பம். பெடியன் புத்தளத்தில் பிறந்தவன். சண்டை முடிந்த பிறகு தகப்பனின் ஊருக்கு வந்து வியாபாரம் செய்கிறான். இங்கே அவனுக்குப் பேர் "புத்தளத்தான்". அங்கே இருந்த காலம் முழுக்க "யாழ்ப்பாணத்தான்" என்றுதானாம் கூப்பிட்டார்கள். 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டின நாட்களில், டீசலுக்கு லொறிகள் வரிசையில் நின்றபோது, எங்கேயோ சுற்றி எனக்கு மூட்டை கொண்டுவந்து சேர்த்தது அவன்தான். அதே நேரம், கடன் கேட்டு மூக்கைச் சிந்தவைக்கிறவனும் அவன்தான், அதையும் சொல்லவேணும்.

நல்லூர்க் கந்தசாமி கோயில் கொடியேற ஒரு கிழமை இருக்கவே வரத் தொடங்கும் வெளிநாட்டுச் சனம். இருபத்தைந்து நாள் திருவிழாவும் என் வருமானம் அதுதான். ஐந்து கிலோ, பத்துக் கிலோ என்று தூள் திரிக்கிறார்கள். எல்லாருக்கும் அவசரம், "நாளைக்குப் பிளைற் அக்கா." அரைத்து விழுகிற தூள் கை வைக்க ஏலாத சூடு. அதை அப்படியே பொலித்தீனில் கட்டினால் உள்ளுக்குள் வேர்த்து, லண்டன் போய்ச் சேரக் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்திருக்கும். சுளகில் பரப்பி ஆறவிட்டால்தான் கட்டலாம் என்று சொன்னால், விலை ஏற்றுவதற்குச் சாட்டு என்று நினைப்பவர்களும் உண்டு. போன முறை ஒரு அம்மா, தன் சொந்த வீட்டு வாசலில் நின்று, அங்கே வாடகைக்கு இருக்கிற வன்னிப் பிள்ளையிடம் "இஞ்சை மில் எங்க இருக்கு?" என்று கேட்டு வந்தார். வரும்போது அந்தப் பிள்ளைதான் பையைத் தூக்கி வந்தது.

2017இல் மயிலிட்டித் துறைமுகத்தை ஆமி விட்ட பிறகு எங்கள் காணியையும் பார்த்தேன். பற்றை வெட்டி, கிணறு இறைத்தோம். தென்னம்பிள்ளையும் வைத்திருக்கிறேன். "மில்லையும் அங்க கொண்டு போவம் அம்மா" என்கிறான் மகன். அங்கே திரும்பிக் குடியிருக்கிற சனம் எவ்வளவு? மா திரிக்க ஆள் வேணுமே. இந்த ஒழுங்கையில் மாதத்துக்கு ஒரு புதுக் குடும்பம் வருகிறது, அவர்களுக்கு முதலில் தேவைப்படுகிறது புட்டு மாவும் தூளும்தான். சொந்த ஊர் சொந்த ஊர்தான், ஆனால் அங்கே த்ரீ பேஸ் கரண்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க எனக்கு இனி வயதில்லை. தேங்காய் காய்த்தால் கொண்டு வரலாம்.

இந்த முறை திருவிழாவுக்கு வாறவை கவனிக்க: மிளகாய், மல்லியை நல்லாக் காயவைத்து, காம்பு கழற்றிக் கொண்டு வாங்கோ. ஈரமாக வந்தால் திருப்பி அனுப்புவேன், பிளைற் எத்தனை மணிக்கு என்றாலும்.