மென்பொருளில் இருந்து எம்பெடட் பக்கம்: இதுவரை செய்து பார்த்தவை

எம்பெடட் வேலைக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு நிரல் எழுதும் வேலைக்கு, மாற வேண்டும் என்று முடிவெடுத்த நாளில் இருந்து ஒரு கேள்வி என்னோடு இருக்கிறது. சி மொழி எழுதத் தெரிந்த ஒரு நிரலாளருக்கு எலக்ட்ரானிக்ஸ் எவ்வளவு தெரிந்தால் போதும்? கல்லூரிப் பாடத்திட்டத்தைத் திறந்தால் குறைக்கடத்தி இயற்பியலில் தொடங்கி ஆன்டெனா வரைக்கும் போகிறது. இணையத்தில் கேட்டால் பாதிப் பேர் "ஓம் விதி போதும்" என்கிறார்கள், மீதிப் பேர் "முழுசாகப் படி" என்கிறார்கள். நான் இரண்டு பேச்சையும் விட்டுவிட்டு ஒரு பொருளைச் செய்ய ஆரம்பித்தேன். அது எங்கே எங்கே மக்கர் செய்ய வாய்ப்பு உண்டோ, அங்கே வேண்டுமென்றே தள்ளிப் பார்த்து அளப்பது என்று வைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

செய்வது சின்ன விஷயம். சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வாசலில் கறிவேப்பிலை, வெற்றிலை, துளசித் தொட்டிகள் இருக்கின்றன. மண் ஈரம், காற்றின் ஈரப்பதம் இரண்டையும் அளந்து, தேவையான அளவு மட்டும் தண்ணீர் விட வேண்டும். "அளவு மட்டும்" என்பது இங்கே முக்கியம். தொட்டிக்கு அடியில் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், அபராதமும் வரும்.

இதற்கு எடுத்த போர்டு: எஸ்டிஎம்32 எஃப்103 என்ற சிப் உள்ள நியூக்ளியோ. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், டேட்டாஷீட் (சிப்பின் விவர ஆவணம்) நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, டீபக்கர் (ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்க உதவும் கருவி) போர்டிலேயே இருக்கிறது. இதைத் தயாரிக்கும் எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் 1969 முதல் சிங்கப்பூரில் இருக்கிறது, அங் மோ கியோவில் பெரிய வளாகம். பக்கத்தில் இருக்கும் தொழிலைக் கற்கிறோம் என்ற எண்ணம் எனக்கு உற்சாகம் தருகிறது. உதிரிப் பொருள்களுக்குச் சிம் லிம் டவர். ரோச்சோர் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம். கம்ப்யூட்டர் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், ரெசிஸ்டர் (மின்தடை), கெபாசிட்டர் (மின்தேக்கி), கனெக்டர் எல்லாம் டவரில்தான். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும்போது எந்தப் பொருள் எந்த அளவில் இருக்கும் என்ற பழக்கம் வருகிறது, அதற்காகவே போகலாம். வாங்கி முடித்துவிட்டு லிட்டில் இந்தியா பக்கம் நடந்து ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வருவது தனிச் சுகம்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன்: எல்இடி எரிய வைப்பது. சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், சிப்பின் பின்னில் (வெளியே நீளும் காலில்) 3.3 வோல்ட், மீதி 1.3 வோல்ட். 330 ஓம் போட்டால் ஏறக்குறைய 4 மில்லி ஆம்பியர். இதில் கற்க வேண்டியது ஓம் விதியை விட டேட்டாஷீட்டில் உள்ள இரண்டு அட்டவணைகளின் வித்தியாசம். ஒரு பின்னில் 25 மில்லி ஆம்பியர் என்று ஓர் இடத்தில் இருக்கும். அது சிப் சேதமாகாமல் தாங்கும் எல்லை. வெளியீட்டு வோல்டேஜ் அதிகம் நழுவாமல் இருக்கும் என்று உறுதி தருவது 8 மில்லி ஆம்பியருக்குத்தான். இன்னொரு வரியில் சிப் முழுவதற்கும் சேர்த்து 150 மில்லி ஆம்பியர் என்று இருக்கும். நிரலாளர்கள் எல்லையைப் பார்த்தால் அதுவரை பயன்படுத்தலாம் என்று நினைப்பது வழக்கம், இங்கே அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஈரப்பத சென்சார் எஸ்ஹெச்டி31, ஐ2சி என்ற இரண்டு கம்பித் தொடர்பு வழியாகப் பேசுவது. வீட்டுக்குள் போர்டு, நடைபாதையில் சென்சார், நடுவில் ஜன்னல் வழியாக இரண்டு மீட்டர் கேபிள். ஐ2சி என்பது 1982ல் பிலிப்ஸ் உருவாக்கியது, ஒரே போர்டுக்குள் சிப்புகள் பேசிக்கொள்வதற்காக. இதில் எந்தச் சிப்பும் கம்பியை மேலே தள்ளாது, கீழே மட்டுமே இழுக்கும். கையை விட்டதும் கம்பியை மேலே கொண்டுபோவது புல்-அப் ரெசிஸ்டர். நேர்காணல்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வியும் இதுதான்: ஏன் புல்-அப், எவ்வளவு ஓம்? "4.7 கிலோ ஓம்" என்று மனப்பாடமாகச் சொல்லலாம். ஆனால் அடுத்த கேள்வி "ஏன் 4.7?" என்று வரும்.

அதற்கான பதில் கம்பியில் இருக்கிறது. இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினாலே அது ஒரு கெபாசிட்டர். சாதாரண கேபிளில் மீட்டருக்கு 50 முதல் 100 பிகோ ஃபேரட் இருக்கும். என் இரண்டு மீட்டருக்கு 200 என்று வைத்துக்கொள்ளலாம். ரெசிஸ்டர் வழியாக இந்தக் கெபாசிட்டர் நிறைவது, குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வாளி பிடிப்பது போல. ஐ2சியில் ஏறும் நேரம் என்பது முழு வோல்டேஜில் 30 சதவீதத்தில் இருந்து 70 சதவீதத்துக்குப் போகும் நேரம், அதற்கான சூத்திரம் 0.847 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர். 0.847 எங்கிருந்து வந்தது? ஏழை மூன்றால் வகுத்து இயற்கை மடக்கை எடுத்தால் வருவது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் பள்ளியில் படித்த மடக்கைக்கு ஒரு வேலை இருப்பது தெரிந்தது.

சென்சார் மாட்யூலில் ஏற்கெனவே இருந்த ரெசிஸ்டர்களைச் சாலிடர் உருக்கி எடுத்துவிட்டு, ஒவ்வொரு மதிப்பாகப் போட்டுப் பார்த்தேன். முதலில், சிப்பின் உள்ளேயே உள்ள புல்-அப் அளவுக்கு, சுமார் 40 கிலோ ஓம். கணக்குப்படி ஏற 6.8 மைக்ரோ நொடி. 100 கிலோஹெர்ட்ஸில் மேலே இருக்கக் கிடைப்பதே 5 மைக்ரோ நொடி. அதற்குள் 1.5 வோல்ட்டைத்தான் தொட முடியும், சென்சார் "ஒன்று" என ஏற்க 2.31 வோல்ட் வேண்டும். சென்சார் பதிலே தரவில்லை. 10 கிலோ ஓம் போட்டால் 1.7 மைக்ரோ நொடி. விதிமுறை அனுமதிப்பது 1 மைக்ரோ நொடிதான். ஆனாலும் வேலை செய்தது! எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பயமாக இருக்கிறது. மேசையில் ஓடும், டெஸ்டில் தேறும், கேபிளை ஒரு மீட்டர் நீட்டினால் எப்போதாவது ஒரு முறை தவறும். நிரலில் "மூன்று முறை முயற்சி செய்" என்று எழுதி மூடிவிடவும் தோன்றும். 4.7 கிலோ ஓமில் 0.8 மைக்ரோ நொடி, விதிக்குள் வந்துவிட்டது. 400 கிலோஹெர்ட்ஸுக்கு 0.3 மைக்ரோ நொடி வேண்டும், அதற்கு 1.5 கிலோ ஓம் போட வேண்டியிருந்தது.

இதை ஒரு மலிவான லாஜிக் அனலைசரில் (கம்பியில் இருப்பது ஒன்றா பூஜ்யமா என்று மட்டும் காட்டும் கருவி) முதலில் பார்த்தேன். அதில் எல்லாமே செங்குத்தான கோடுகளாக அழகாக இருந்தன. எங்கள் புளோக்கில் சிப் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அங்கிள் இருக்கிறார். கணினித் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கம்பியில நடக்குறதைக் காட்டல. இந்தப் பெட்டி என்ன முடிவு பண்ணுச்சோ அதைத்தான் காட்டுது. ஸ்கோப்ல பாரு" என்றார். "வீட்டுல ஸ்கோப் இல்ல அங்கிள்" என்றேன். மேலே போய்த் தன் பழைய ஆஸிலோஸ்கோப்பைத் (வோல்டேஜ் ஏறி இறங்குவதை வளைவாக வரையும் கருவி) தூக்கி வந்துவிட்டார். அனலைசர் 2 வோல்ட்டைத் தாண்டினால் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் வகை, சென்சாருக்கோ 2.31 வேண்டும். அந்த இடைவெளியில் இருக்கும் சிக்னல் ஒன்றுக்குச் சரி, மற்றொன்றுக்குத் தவறு. ஸ்கோப்பில் அது சுறா மீனின் துடுப்பு மாதிரியான வளைவாகத் தெரிந்தது. அப்புறம் அங்கிளே இன்னொன்றும் காட்டினார். கம்பியைத் தொடும் ஸ்கோப்பின் ப்ரோபை ஒரு மடங்கு நிலையில் வைத்தால் அதுவே சுமார் 100 பிகோ ஃபேரட்டைக் கம்பியில் ஏற்றுகிறது, வளைவு இன்னும் மோசமாகிறது. பத்து மடங்கு நிலைக்கு மாற்றினால் 10, 15 பிகோ ஃபேரட்தான். அளக்கும் கருவியும் சர்க்யூட்டின் ஒரு பகுதி என்பதைச் சொல்லிக் கேட்பதை விட அப்படிக் கண்ணால் பார்ப்பது வேறு.

அன்று முதல் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த அந்த ஒரே சர்க்யூட்டை எல்லா இடத்திலும் தேட ஆரம்பித்தேன், தேடிய இடமெல்லாம் இருந்தது.

பட்டன்: 10 கிலோ ஓம், 100 நானோ ஃபேரட். பெருக்கினால் 1 மில்லி நொடி. பட்டன் துள்ளுவதைக் குறைக்கிறது, மீதியை நிரலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏடிசி, அதாவது வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி, இன்னும் சுவாரசியம். பேட்டரி வோல்டேஜை அளக்க இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பாதியாகப் பிரிக்கிறேன். ஏடிசியின் உள்ளே இருந்து பார்த்தால் அது 50 கிலோ ஓம் தடை. உள்ளே சாம்பிள் எடுக்கும் கெபாசிட்டர் 8 பிகோ ஃபேரட். அது நிறைய நேரம் கொடுக்க வேண்டும், அந்த நேரம் ஒரு ரெஜிஸ்டரில் (சிப்பின் அமைப்புகளை வைக்கும் நினைவிடம்) நாம் எழுதும் எண். எஃப்103 டேட்டாஷீட்டில் இதற்கென்றே ஒரு சிறு அட்டவணை உண்டு: 14 மெகாஹெர்ட்ஸ் ஏடிசி கடிகாரத்தில் 1.5 சுற்று என்றால் வெளியே 0.4 கிலோ ஓம் வரைதான் இருக்கலாம், 55.5 சுற்று என்றால் 50 கிலோ ஓம் வரை. 1.5இல் வைத்துப் பார்த்தேன், மல்டிமீட்டர் ஒன்று சொல்ல ஏடிசி வேறொன்று சொன்னது. 55.5க்கு மாற்றியதும் இரண்டும் ஒத்துப்போயின. பின்னுக்குப் பக்கத்தில் 100 நானோ ஃபேரட் போட்டால் குறைந்த நேரத்திலும் சரியாக வருகிறது, அடிக்கடி அளக்காமல் இருந்தால் போதும். நிரலை மட்டும் படிப்பவருக்கு அந்த 55.5 ஏன் என்று தெரியவே தெரியாது. எம்பெடட் நிரலாளருக்கு எலக்ட்ரானிக்ஸ் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இந்த அட்டவணையைத்தான் காட்டுவேன்.

பம்புக்கு மாஸ்ஃபெட், அதாவது வோல்டேஜால் திறந்து மூடும் ஸ்விட்ச். கடையில் சுலபமாகக் கிடைக்கும் ஐஆர்எஃப்520ஐ எடுத்தால் "2 முதல் 4 வோல்ட்" என்று போட்டிருக்கும். அது திறக்கத் தொடங்கும் அளவு. முழுவதும் திறந்த நிலைக்கான தடையை 10 வோல்ட்டில்தான் சொல்லியிருப்பார்கள். 3.3 வோல்ட் சிப்புக்கு ஏஓ3400 மாதிரி, 2.5 வோல்ட்டிலேயே உறுதி தரும் ஒன்று வேண்டும். மோட்டாருக்குக் குறுக்கே டையோடு கட்டாயம். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். குறைவாகச் சொல்லப்படுவது: மாஸ்ஃபெட்டைத் திறக்கும் முனையான கேட் என்பதும் ஒரு கெபாசிட்டர். பவர் வந்ததில் இருந்து நம் நிரல் பின்னை அவுட்புட்டாக அமைக்கும் வரை அந்தப் பின் எதையும் இழுக்காமல் மிதக்கிறது. கேட்டில் ஏதாவது மின்னூட்டம் மிச்சம் இருந்தால் பம்ப் ஓடும். டீபக்கரில் ரீசெட்டில் நிறுத்தி வைத்துவிட்டு, கேட் கம்பியை விரலால் தொட்டாலே பம்ப் உயிர் பெறுவதைப் பார்க்கலாம். 100 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கேட்டில் இருந்து தரைக்குப் போட்டதும் நின்றது. நிரல் ஓடாத நேரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இப்படி ஹார்டுவேரில்தான் பதில் சொல்ல முடிகிறது.

பேட்டரி ஆயுளில் சிப்பின் ஸ்லீப் மோடை விட ரெகுலேட்டர் (பேட்டரி வோல்டேஜைச் சிப்புக்கு ஏற்ற அளவாக்கும் பாகம்) முக்கியம். எஃப்103 ஸ்டாண்ட்பை நிலையில் சில மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் மலிவு போர்டுகளில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே சுமார் 5 மில்லி ஆம்பியர் தின்னும். 2000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி அதற்கே 400 மணி நேரத்தில், அதாவது பதினேழு நாளுக்குள், தீர்ந்துவிடும். எம்சிபி1700க்கு அந்தச் செலவு 1.6 மைக்ரோ ஆம்பியர். இதை அளக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் நிலையில் உள்ளே 100 ஓம் அளவுக்குத் தடை இருக்கும். சிப் விழித்து 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் மீட்டரிலேயே 2 வோல்ட் விழுந்து, சிப் ரீசெட் ஆகும். பார்ப்பவருக்கு ஸ்லீப் நிரலில் பிழை என்றே தோன்றும்.

விட்டுவிட்டவையும் உண்டு. டிரான்சிஸ்டரின் சிறுசிக்னல் மாடல், ஃபில்டர் வடிவமைப்பு, ரேடியோ அலைவரிசை எதுவும் இப்போது தேவைப்படவில்லை. 230 வோல்ட் பக்கம் போகவே இல்லை, போவதாகவும் இல்லை. சாலிடரிங்கை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஏஓ3400 அரிசி அளவுதான், சாலிடர் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸைத் தாராளமாக வைத்துப் பழகினால் வரும். சாலிடர் இல்லாமல் பாகங்களைச் செருகும் பிரெட்போர்டின் தளர்ந்த தொடர்புகளோடு ஒரு மாலை முழுக்கப் போராடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்து, நடைபாதையின் மறுமுனையில் உள்ள தொட்டிகள். அவ்வளவு தூரத்துக்குக் கேபிள் போட்டால் ஐ2சி அனுமதிக்கும் 400 பிகோ ஃபேரட்டைத் தாண்டிவிடும், எந்த ரெசிஸ்டரும் உதவாது. அதனால் நீளக் கம்பிக்கான தொடர்பு முறையான ஆர்எஸ்-485க்கு மாறுகிறேன். அதற்கான டிரான்ஸீவர் (அனுப்பிப் பெறும்) சிப்புகள் வாங்கியாகிவிட்டது, முனைகளில் போட 120 ஓம் ரெசிஸ்டர்களும். அந்த 120 ஓமை எடுத்துவிட்டால் நீளக் கம்பியில் சிக்னல் திரும்பி வருவது ஸ்கோப்பில் எப்படித் தெரியும் என்று முதலில் பார்க்க வேண்டும், கீகேட் (KiCad) மென்பொருளில் போர்டு வரைவது அதற்குப் பிறகு. அங்கிள் ஸ்கோப்பை அதுவரை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.