ஒரு மாதம் கழித்து மறுபடி மங்கும் கண்

கண்புரை ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே காலண்டரில் தேதி பளிச்சென்று தெரிகிறது. நாலு, ஆறு வாரம் கழித்து அதே தேதி மங்குகிறது, கதவு நிலை நெளிந்து தெரிகிறது. பவர் மாறியிருக்கும் என்று அம்மாவை நேரே பெங்களூரு அல்சூரிலுள்ள கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கலாம். ஆபரேஷனால் கண்ணுக்குள் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற அழற்சி ரசாயனம் அங்குள்ள நுண்குழாய்களைக் கசிய வைக்கிறது. 1953-இல் இர்வின் என்ற கண் டாக்டர் விவரித்த சிக்கல் இது. (வலியும் சிவப்பும் சேர்ந்து வந்தால் கதை வேறு, அன்றே டாக்டரிடம் ஓடுங்கள்.)

இதைப் பிடிப்பது ஓசிடி ஸ்கேன், அதாவது விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் சோதனை. ஊசி கிடையாது, கண்ணைத் தொடுவதும் இல்லை. தாடையை வைத்து உள்ளே தெரியும் குறியைப் பார்த்தால் போதும், சில நொடிதான். ஆபரேஷன் ஆன கண் வறண்டிருக்கும், படம் கலங்கும். செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு, நன்றாக இமைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். சிர்ரஸ் என்ற ஓசிடி மெஷினில், படத்தின் தரத்தைக் காட்டும் சிக்னல் எண் 10-க்கு 6-ஆவது வேண்டும். கண்ணின் நடுவிலுள்ள கருப்புப் பாப்பா விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். பெங்களூரு டிராஃபிக்கில் அன்று ஸ்கூட்டர் வேண்டாம்.

ரிப்போர்ட்டில் எல்லோர் கண்ணும் போவது விழித்திரையின் தடிமனைக் காட்டும் வண்ண வட்டத்தின் நடு எண்ணுக்கு. அது நடுவிலுள்ள 1 மி.மீ. வட்டத்தின் சராசரித் தடிமன். அதை மட்டும் நம்பாதீர்கள். சிர்ரஸில் 260 மைக்ரானை ஒட்டி வரும் நல்ல கண், ஸ்பெக்ட்ராலிஸ் என்ற இன்னொரு மெஷினில் சற்றுக் கூடுதலாகவே வரும், ஏனென்றால் அது விழித்திரைக்கு அடியிலுள்ள ப்ரூக் சவ்வு வரை அளக்கிறது. மெஷின் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது. சாஃப்ட்வேர் போடும் எல்லைக்கோடு நழுவினாலும், பார்வை குறியிலிருந்து விலகினாலும் எண் பொய் சொல்லும். குறுக்குவெட்டுப் படம்தான் சாட்சி. நல்ல கண்ணில் நடுவே சின்னப் பள்ளம் இருக்கும். வீங்கிய கண்ணில் பள்ளம் மேடாகி, சாம்பல் அடுக்குகளுக்குள் கருப்பு முட்டை முட்டையாக நீர்ப்பைகள் தெரியும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பே ஒரு ஸ்கேன் எடுத்து வைப்பதை நாங்கள் வலியுறுத்திச் சொல்கிறோம். அது இல்லாவிட்டால், வீக்கம் சர்க்கரையாலா ஆபரேஷனாலா என்று பிரிப்பது கஷ்டம்.

சிகிச்சையை, அழற்சியைக் குறைக்கும் நெபாஃபெனாக் அல்லது கெட்டோரோலாக் சொட்டு, கூடவே ஸ்டீராய்டு சொட்டு என்று பெரும்பாலும் தொடங்குவார்கள். ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றும், அதையும் அளக்க வேண்டும். பார்வை தெளிந்ததும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்த ஸ்கேனை அதே மெஷினில் எடுங்கள். வண்ண வட்டத்தோடு குறுக்குவெட்டுப் படமுள்ள பக்கத்தையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள்.