மோரிஸ் மைனர் 1000: முன் சஸ்பென்ஷன் பிரித்துப் பூட்டிய வேலைக் குறிப்பு

வண்டி 948 சிசி இன்ஜின் கொண்ட இரண்டு கதவு மைனர் 1000, வலப்பக்க ஸ்டீயரிங். இன்ஜின் பக்கம் பெரிய வேலை இல்லை. வால்வ் இடைவெளி 0.012 அங்குலம், பிளக் 0.025, கான்டாக்ட் பாயின்ட் 0.015 என்று பார்த்து வைத்ததோடு சரி. பழைய மைனர் கைக்கு வந்ததும் பலரும் பானெட்டைத் திறந்து கார்புரேட்டரை நோண்டத் தொடங்குகிறார்கள். மைனரில் உள்ள ஏ சீரிஸ் இன்ஜின் எத்தனை அலட்சியத்தையும் தாங்கும். அதிகபட்சம் வழியில் நின்றுபோகும். முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு திருகி நிற்கும் மரைத் துண்டுக்கு டிரன்னியன் என்று பெயர். அந்த மரை போனால் சக்கரமே மட்கார்டுக்குள் மடங்கி விழும். அதனால் முதல் வேலை முன்பக்கம்தான்.

அமைப்பு

1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் வந்தபோது, அதற்கு முந்தைய மோரிஸ் எய்ட்டில் முன்பக்கம் இன்னும் முழு ஆக்சிலும் இலைப் பட்டையும்தான். மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் அதைத் தூக்கிவிட்டு, தனித்தனியாக ஏறி இறங்கும் சக்கரங்கள், டார்ஷன் பார் (முறுக்குண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு), ரேக் அண்ட் பினியன் (பல்சக்கரமும் பல்பட்டையும்) ஸ்டீயரிங் மூன்றையும் ஒரு சின்னக் குடும்பக் காருக்குள் கொண்டுவந்தார். மைனர் வளைவில் ஒட்டி ஓடுகிறது என்ற பெயர் இந்த மூன்றால் வந்தது. அதிகப் பளு விழுவதும் இங்கேதான்.

ஒவ்வொரு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் ஸ்விவல் பின்னுக்கு (சக்கரம் திரும்பும் தண்டு) மேலேயும் கீழேயும் மரை உண்டு. மேல் மரையில் மேல் டிரன்னியன், கீழ் மரையில் கீழ் டிரன்னியன். மேல் டிரன்னியனைப் பிடிப்பது லீவர் வகை ஷாக் அப்சார்பரின் கை. அதுவே மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. கீழ் டிரன்னியன், இரண்டு பாதியாக வரும் லோயர் ஆர்முக்கு நடுவே, ஒரு பின்னிலும் ரப்பர் வளையங்களிலும் உட்காருகிறது. லோயர் ஆர்மின் உள்முனையில் பல்வெட்டுப் பிடியில் டார்ஷன் பார். அந்த பார் தரைக்கு அடியில் பின்னோக்கி ஓடி, முன் சீட்டுக்குக் கீழே உள்ள கிராஸ் மெம்பரில் (குறுக்குச் சட்டம்) ஒரு இரும்புக் கையால் (லீவர்) பூட்டப்படுகிறது. ஆர்ம் முன்பின் ஓடாமல் டை பார் என்ற கம்பி பிடித்துக்கொள்கிறது.

எடை போகும் பாதையைப் பார்த்தால் ஆபத்து எங்கே என்று புரியும். பாடி லோயர் ஆர்மை அழுத்துகிறது, ஆர்ம் கீழ் டிரன்னியனை அழுத்துகிறது, சக்கரமோ ஸ்விவல் பின்னை மேலே தள்ளுகிறது. ஆக, கீழ் டிரன்னியனிலிருந்து பின்னை உருவி எடுக்கும் விசை எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது. அதைத் தடுப்பது மரை மட்டும். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அதே மரைதான் பேரிங் போலச் சுழலவும் வேண்டும். கிரீஸ் இல்லாவிட்டால் தேய்கிறது, தேய்ந்த மரை ஒருநாள் விட்டுவிடுகிறது. வண்டியை நிறுத்த முழுவதும் ஒடித்துத் திருப்பும் வேளையில் அது நடந்தால் அதிர்ஷ்டம்.

பிரிக்கும் முன்

முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் இன்னொருவர் பிரேக் மிதித்துப் பிடிக்கட்டும். அப்போது ஆட்டம் நின்றால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் டிரன்னியனிலோ ரப்பரிலோ. கிரீஸ் அடிக்கும் நிப்பிளைச் சுற்றிச் செம்பழுப்புத் தூளாக வருவது கிரீஸ் அல்ல, அரைபட்ட இரும்பு. இந்த வண்டியில் இடப்பக்கம் அப்படித்தான் இருந்தது.

அடுத்துக் கிராஸ் மெம்பர். டார்ஷன் பார் முழு விசையையும் அங்கேதான் இறக்குகிறது. அதன் இரு முனைகளும் பெட்டி வடிவம் என்பதால் உள்ளிருந்து துரு பிடிக்கும், வெளியே பெயின்ட் நன்றாகவே தெரியும். சிறு சுத்தியலால் தட்டிப் போக வேண்டும். மந்தமான சத்தம் வந்தால் வெல்டிங் முடியும்வரை சஸ்பென்ஷனைத் தொடக்கூடாது. பாடியும் சேசிஸும் ஒன்றாகவே வருவதால், அங்கே துருப்பிடித்தால் போல்ட்டைக் கழற்றி வேறு சேசிஸ் மாட்டும் வழி கிடையாது.

ஸ்பேனர் அங்குல அளவில் வேண்டும். அரை அங்குலத்துக்கு 13, முக்கால் அங்குலத்துக்கு 19 மில்லிமீட்டர் ஏறக்குறைய ஒத்துவரும். 9/16 என்பது 14.3 மில்லிமீட்டர், 14 ஏறாது, 15 போட்டால் நட்டின் முனை மழுங்கும். இந்த வண்டியில் அதிகம் கைக்கு வருவதும் அந்த 9/16தான்.

கழற்றியது

வீலைக் கழற்றி, லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஷாக் அப்சார்பர் கையின் மேல் உள்ள பளுவை எடுக்க வேண்டும். இந்த ஜாக்கி இல்லாமல் மேல் பின்னைத் தட்டினால் பார் முறுக்கு விட்டு ஆர்மைக் கீழே அடிக்கும், விரல் போகும். பிரேக் ஹோஸ், டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் தண்டின் முனை) இரண்டையும் விடுவித்து, மேல் டிரன்னியன் பின்னை உருவிய பிறகு ஜாக்கியை மெதுவாக இறக்கினால் பாரின் முறுக்கு தீர்ந்துவிடும். பிறகு டை பார், லோயர் ஆர்மின் முன் பாதி. அதோடு ஸ்விவல் பின் முழுதாகக் கையோடு வரும்.

டார்ஷன் பாரைக் கழற்றுவதற்கு முன் பின் முனைக் கை, பார், லோயர் ஆர்ம் மூன்றிலும் பெயின்டால் ஒரே கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பல் மாறிப் பூட்டினாலும் முன்பக்க உயரம் இரு பக்கமும் வேறுவேறாக நிற்கும். இடப் பாரை வலத்தில் போடக்கூடாது. இத்தனை ஆண்டுகள் ஒரு திசையில் முறுக்குண்டு பழகிய எஃகு, எதிர்த்திசையில் முறுக்கினால் முறிய வாய்ப்புண்டு. பாரில் உளி, கம்பி பிரஷ் எதுவும் படாமல் பெயின்டைக் காப்பாற்றுவதும் இதே காரணத்தால்தான். ஒரு கீறல் போதும், முறிவு அங்கே தொடங்கும்.

மாஸ்டர் சிலிண்டர்

மைனரில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் பானெட்டுக்குள் இல்லை. டிரைவர் காலடியில், சேசிஸ் சட்டத்துக்குள் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி, மூடியைத் திறந்துதான் ஆயில் பார்க்க முடியும். வழி அழுக்கு உள்ளே விழாமல் திறப்பதே ஒரு வேலை. கீழிருந்து தண்ணீர் தெறித்துச் சிலிண்டர் உட்சுவர் துருப்பிடிக்கும். புது ரப்பர் கிட் போட்டாலும் குழிவிழுந்த சுவரில் அது நிற்காது.

அதைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளும் சட்டத்தைத் துளைத்து வெளியே வருகின்றன. வெளிப்பக்கம் சரியாக அதே இடத்தில் டார்ஷன் பார். போல்ட்டை உருவ இடமே கிடையாது. இதற்காகச் சிலர் தரையை வெட்டுகிறார்கள், அது தேவையில்லை. சஸ்பென்ஷன் பிரித்த நேரத்தில் பாரின் பின் முனையைக் கீழே இறக்கிவிட்டால் போல்ட்டுகள் நேராக வரும். ஆகவே இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம். திருப்பிப் பூட்டும்போது போல்ட் தலை உள்ளே, நட்டு வெளியே என்று மாற்றிப் போட்டால் அடுத்த முறை பாரைத் தொட வேண்டியதில்லை.

இந்தச் சிலிண்டருக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல் இறக்கிப் புது ரப்பர் போட்டாயிற்று. புஷ் ராட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டே ஆக வேண்டும். விடாவிட்டால் உள்ளே உள்ள சிறு துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல், ஓடஓட பிரேக் தானாகப் பிடிக்கும்.

பூட்டியது

புது டிரன்னியனைப் பழைய ஸ்விவல் பின்னில் மாட்டுவது காசுக்குக் கேடு; இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இட, வல டிரன்னியன்களுக்கு மரை எதிரெதிர்த் திசை, மாற்றிப் போட முயன்றால் முதல் மரையிலேயே தெரிந்துவிடும், பலம் கொடுத்துத் திருகாதீர்கள். கிரீஸ் தடவி அடிவரை திருகி, இரு பக்க முழு ஒடிப்புக்கும் முட்டாத அளவுக்கு மட்டும் பின்வாங்க வேண்டும். அதற்கு மேல் பின்வாங்கினால் தாங்கும் மரை குறையும்.

ரப்பர் வளையங்களுக்கு மினரல் கிரீஸ் ஆகாது, ஊதிப்போகும்; சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரிதேன் புஷ் கிடைக்கிறது, நாள்பட வரும். ஆனால் மேடுபள்ளத்தை ஸ்டீயரிங்வரை கொண்டுவருகிறது, குடும்பத்தோடு போகிற வண்டிக்கு ரப்பரே மேல். புஷ் நட்டுகளை இறுக்கிப் பூட்டுவது வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால், தரையில் இறங்கிய கணத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஷாக் அப்சார்பர்களைக் கையால் ஆட்டிப் பார்த்ததில் ஒன்றில் நடுவே பிடிப்பே இல்லை. ஆயில் குறைந்து காற்று புகுந்த அறிகுறி. பிளக்கைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து, ஷாக் அப்சார்பர் ஆயில் ஊற்றி, கையை முழு நீளத்துக்கு ஏற்றி இறக்கிக் காற்றை விரட்டியதும் பிடிப்பு வந்தது. கை வெளிவரும் இடத்தில் ஆயில் கசிந்தால் இது பயன்படாது, மாற்றியே ஆக வேண்டும்.

மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் வேலை பார்த்தவர்கள் டிரன்னியனுக்குக் கியர் ஆயில்தான் என்பார்கள். ஹெரால்டுக்கு அது சரி. மைனருக்கு நிறுவனம் சொன்னது கிரீஸ்தான். சாதாரண லித்தியம் கிரீஸ், 1,000 மைலுக்கு ஒரு முறை, அதாவது சுமார் 1,600 கிலோமீட்டர். சக்கரம் தொங்கும்படி தூக்கிவிட்டு அடிக்க வேண்டும். தரையில் நிற்கும்போது மரையின் பளு தாங்கும் பக்கம் ஒட்டிக்கிடக்கும், கிரீஸ் தேவைப்படாத பக்கத்துக்கே போகும். பழைய கறுப்புக் கிரீஸ் வெளியேறிப் புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்கவும். நிப்பிளில் கிரீஸ் ஏறவில்லை என்றால் அதை மாற்றுங்கள், "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று விடாதீர்கள்.

பிரேக் 7 அங்குல டிரம். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வீல் சிலிண்டர், இரண்டு அட்ஜஸ்டர்; பின்னால் ஒவ்வொன்று. சக்கரம் பூட்டும்வரை திருகி, ஒரு சொடுக்கு பின்வாங்கினால் போதும். முன்பக்கம் ஒரு அட்ஜஸ்டரை மட்டும் திருகிவிட்டு இன்னொன்றை மறப்பது வழக்கம். பெடல் தாழ்ந்தே இருக்கும், பிரேக் குழாயில் காற்று என்று நினைத்து அதை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஏர் எடுப்பதற்கு முன் நான்கு சக்கரத்தையும் அட்ஜஸ்ட் செய்யவும்.

கடைசியாக முன்சக்கரங்களின் உள்நோக்கு (டோ-இன், சக்கரங்களின் முன்பகுதி உள்ளே சாயும் அளவு) 3/32 அங்குலம். இரு பக்க டை ராட்டையும் சம அளவில் திருப்பினால்தான் ஸ்டீயரிங் நடுவில் நிற்கும். புஷ்கள் உட்கார்ந்த பிறகு, நூறு மைல் அளவில், இதை மறுபடி அளந்து நட்டுகளையும் ஒருமுறை இறுக்க வேண்டும். வலப்பக்க ஷாக் அப்சார்பரும் பின்பக்க இலைப் பட்டைகளின் ஷேக்கிள் புஷ்களும் அடுத்த கட்டத்துக்கு.