தேய்மானம் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மலையகத்துத் தம்பி, தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். அலுமினியக் கலப்புலோகத்தின் தேய்மானத்தை ஃப்ரிக்ஷன் ஸ்டர் ப்ராசஸிங் மூலம் குறைப்பதுதான் என் தலைப்பு. சுழலும் டூல் தகட்டுக்குள் இறங்கி நகரும். உராய்வுச் சூட்டில் உலோகம் உருகாமல், குழைந்து கிளறப்படும். 1991இல் இங்கிலாந்தில் வந்த உராய்வுக் கிளறல் ஒட்டுமுறையின் (ஃப்ரிக்ஷன் ஸ்டர் வெல்டிங்) தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளறினால் உலோகத்தின் மணிகள் (உள்ளே இருக்கும் நுண்படிகங்கள்) நுணுகும், மணி நுணுகினால் வன்மை கூடும், வன்மை கூடினால் தேய்வு குறையும். இதை மனப்பாடம் செய்துகொண்டு 6061-டி6 தகட்டை (சூடேற்றிப் பதப்படுத்தி வலிமையேற்றிய அலுமினியக் கலப்புலோகம்) எடுத்தேன். கிளறாத இடத்தில் வன்மை 105 விக்கர்ஸ். கிளறிய இடத்தில் 68! மெஷினில்தான் பிழை என்று நினைத்து மூன்று தரம் அளந்தேன். பிழை என் படிப்பில். டி6இன் வலிமை மணியிலிருந்து வருவதைவிட, உள்ளே பொடியாக வீழ்படிந்திருக்கும் மக்னீசியம் சிலிசைட்டிலிருந்துதான் அதிகம் வருகிறது. கிளறும் சூட்டில் அது கரைந்தும் பருத்தும் போய்விடுகிறது. ஆகவே கலப்புலோகம் எதனால் வலிமை பெறுகிறது என்று பார்த்துவிட்டுத் தகடு வாங்குங்கள்.

அப்புறம் தேய்வைக் குறைக்க, மிகக் கடினமான சிலிக்கன் காபைட் தூள் சேர்த்தேன். தகட்டில் காடி வெட்டி, தூளை நிரப்பி, நேரே டூலை இறக்கினேன். பாதித் தூள் பறந்து என் சட்டையில்தான் படிந்தது. முதலில் முனையில்லாத டூலை ஓட்டிக் காடியின் வாயை மூட வேண்டும் (முகமூடி கட்டாயம்). ஒரே ஓட்டத்தில் தூள் பரவாது. ரொட்டி மாவில் தேங்காய்ப்பூ ஒரு பக்கமே திரண்டு நிற்குமே, அப்படித்தான் நுணுக்குக்காட்டியில் தெரிந்தது. மூன்றாவது ஓட்டத்துக்குப் பிறகே ஓரளவு சீரானது.

தேய்மானச் சோதனை பின்-ஆன்-டிஸ்க்: மாதிரியைச் சுழலும் உருக்குத் தட்டில் அழுத்தித் தேய்ப்பது. இழப்பு மில்லிகிராம் கணக்கு, அதனால் அசற்றோனில் கழுவி, நன்றாக உலர்த்தாமல் நிறுக்காதீர்கள். என் முதல் தொகுதி இப்படித்தான் வீணாயிற்று.

விடுமுறைக்கு ஹட்டன் பக்கம் வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் தோட்டத்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ஃபிட்டர். "ஒன் சாமான் தேயல, சரி. அது எதத் தேய்ச்சிச்சின்னு பாத்தியா? புஷ்ஷு தேஞ்சா மாத்திக்கலாம், ஷாஃப்ட்டு தேஞ்சா என்னா பண்றது?" என்றார். நான் எதிரே சுழன்ற உருக்குத் தட்டை நிறுக்கவே இல்லை. சிலிக்கன் காபைட் அதைச் சுரண்டியிருந்தது. திரும்பிப் போய் நான்கு மாதிரிகளை மறுபடி ஓட்டினேன். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வந்த முதல் கேள்வியும் அந்தத் தட்டைப் பற்றித்தான்.

இன்றைக்குத் தொடங்குவதென்றால் வார்ப்பு வகை அலுமினியக் கலப்புலோகமான ஏ356ஐ எடுப்பேன். அதில் ஊசி ஊசியாக நிற்கும் சிலிக்கன் உடையும், வார்ப்புத் துளைகளும் மூடும். தூளே சேர்க்காமல் காட்ட ஏதாவது கிடைக்கும். டூலுக்கு வேண்டிய எச்13 உருக்கை மட்டும் முதல் மாதமே தேடத் தொடங்குங்கள்.