சொன்னால் இறங்கும் குதிகால்

நுனிக்காலில் நடக்கும் பிள்ளையிடம் "குதிகால ஊனி நடடா கண்ணு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஊன்றித்தான் நடப்பான். நாலு எட்டு, மிஞ்சினால் ஆறு எட்டு. அதற்குள் பார்க்கிறவர் திருப்தியாகி, "பழக்கம்தான், வளர வளரச் சரியாகிடும்" என்று அனுப்பிவிடுவார். குழந்தைகள் பிசியோதெரபியில் இருப்பவர்களுக்கு இந்த ஆறு எட்டால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சொல்லிக் கேட்டு நடக்கிற நடை வேறு, தன்பாட்டுக்கு நடக்கிற நடை வேறு. நாம் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

அதனால் வேலை வராந்தாவிலேயே தொடங்கிவிடுகிறது. பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளை எழுந்து வருவதையும் பொம்மைக் கூடையைக் கண்டு ஓடுவதையும் அவனுக்குத் தெரியாமல் பார்த்துவிட வேண்டும். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைப் புரட்டிப் பார்ப்பதும் பழக்கத்தில் வந்துவிடும்: முன்பக்கம் வழவழவென்று தேய்ந்திருக்கும், குதிகால் பக்கத்து அச்சு கடையில் வாங்கியபடி அப்படியே இருக்கும். குதிகாலில் பீப்பி வைத்த 'கீச் கீச்' செருப்பு போட்ட குழந்தை சத்தமே இல்லாமல் நடந்து வந்தால் அதுவும் ஒரு தகவல்.

வீடியோ எடுக்க 8 முதல் 10 மீட்டர் நீளமுள்ள இடம் வேண்டும். காலில் ஒன்றும் இருக்கக் கூடாது. உடுப்பு முட்டிக்கு மேலே இருக்க வேண்டும். போனை ஸ்லோமோஷனில் வைத்து, பிள்ளையின் முட்டி உயரத்துக்கு இறக்கி, பக்கவாட்டில் இருந்து ஒரு முறை, முன்னும் பின்னும் இருந்து ஒரு முறை எடுக்கலாம். நின்றபடி நம் கண் உயரத்தில் எடுத்தால் வீண். மேலிருந்து பார்க்கும்போது குதிகாலுக்கும் தரைக்கும் உள்ள விரற்கடை இடைவெளி தெரியாது. கிளம்பும்போதும் நிற்கும்போதும் வைக்கும் இரண்டிரண்டு எட்டுகளை விட்டுவிட்டு, நடுவில் 20 எட்டுகளை எண்ணுங்கள். எத்தனை குதிகால் முதலில் பட்டது, எத்தனை முழுப்பாதம், எத்தனை நுனிக்கால்? பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் எடுத்துவரச் சொல்லி, அதே 20-ஐ மறுபடி எண்ண வேண்டும். கவனம் டம்ளருக்குப் போனதும் நுனிக்கால் எட்டுகள் கூடுகின்றனவா என்பதுதான் கேள்வி. அந்த இரண்டு எண்களையும் தனித்தனியாக எழுதி வைத்தால்தான் மூன்று மாதம் கழித்து ஒப்பிட முடியும். 'நன்றாக இருக்கிறது' என்று எழுதி வைத்த பழைய ஷீட்டால் யாருக்கும் பயனில்லை.

ஈரக்கால் தடம் பார்ப்பது சுலபமான வழி. சிமென்ட் தரை இருந்தால் போதும். ஆனால் தடம் ஏமாற்றும். முன்பாதம் முதலில் பட்டு, பிறகு குதிகால் தொட்டாலும் முழுப்பாதமும்தான் பதியும். எது முதலில் பட்டது என்பதை வீடியோ மட்டுமே சொல்லும்.

அதே வீடியோவில் பாதத்தை விட்டுவிட்டு முட்டியைப் பாருங்கள். வெறும் பழக்கமாக நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்குக் கால் தரையைத் தொடும் நேரத்தில் முட்டி நன்றாக நீண்டிருக்கும். லேசான மூளை முடக்குவாதம் இருந்தால் தொடையின் பின்தசை இறுகி, முட்டி மடங்கியபடியே தரைக்கு வரும். ஓடச் சொன்னால் சில பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டும். ஒரு காலில் மட்டும் நுனிநடை என்றால் பழக்கம் என்ற சொல்லுக்கே இடமில்லை. உடலின் அந்தப் பக்கத்தைப் பாதிக்கும் மூளை–நரம்புக் கோளாறு, கால் நீள வித்தியாசம், பிறவியிலேயே விலகிய இடுப்பு மூட்டு என்று தேட வேண்டும்.

பிறகு பாயில் விளையாட்டு. இந்தியன் டாய்லெட்டில் உட்காருவதுபோலக் குந்தச் சொன்னால், குதிகால் தரையில் நிற்கிறதா, எழும்புகிறதா, பின்னால் சாய்கிறானா என்பதில் பாதி விடை கிடைத்துவிடும். குதிகாலால் மட்டும் நடக்கச் சொல்லிப் பார்க்கலாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவன் எழும்போது தொடையில் கை வைத்து ஏறி ஏறி எழுந்தால், கெண்டைக்காலும் பருத்துக் கெட்டியாக இருந்தால், தசைகள் படிப்படியாகப் பலமிழக்கும் டுஷேன் தசைச் சிதைவை நினைக்காமல் விடக் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் கவிழ்ந்து எழுவது இயல்பு. அதை வைத்து அம்மாவைப் பயமுறுத்தவும் கூடாது. இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி தாய்மாமனைப் பற்றியது. இந்த நோய் பெரும்பாலும் தாய்வழியே ஆண்பிள்ளைகளுக்கு வருவது. 'என் தம்பி பன்னிரண்டு வயசுல நடக்க முடியாமப் போயிட்டான்' என்ற பதில், கேட்டால்தான் வரும். தசையிலிருந்து கசியும் நொதியை அளக்கும் சிகே ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், சந்தேகத்தைச் சரியான பக்கம் திருப்பிவிட. கல்லீரல் பரிசோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி நொதிகள் கூடியிருக்கின்றன என்று கல்லீரலுக்கு மருந்து சாப்பிடும் பையன்களும் இருப்பார்கள். அந்த நொதிகள் தசையிலிருந்தும் கசியும்.

அளவெடுப்பதைக் கடைசிக்கு வைக்கலாம். மேசையில் படுக்க வைத்ததும் அழுகை வரும், அழுதால் தசை இறுகும், அளவு பொய்யாகும். அம்மா மடியே நல்ல மேசை. கணுக்காலை மேல்நோக்கி மடக்கி, முட்டி நீட்டி ஒரு முறை, 90 டிகிரி மடக்கி ஒரு முறை, மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரில் பார்க்க வேண்டும். இதற்குச் சில்வர்ஸ்கியோல்டு சோதனை என்று பெயர். கெண்டைக்காலின் மேல்தசையான கேஸ்ட்ராக்னீமியஸ் முட்டியையும் கணுக்காலையும் சேர்த்துக் கடக்கிறது. கீழே உள்ள சோலியஸ் கணுக்காலை மட்டும்தான் கடக்கிறது. முட்டி மடக்கினால் 15 டிகிரி வருகிறது, நீட்டினால் 0-வை (பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்கும் நிலை) தாண்டவில்லை என்றால் இறுக்கம் மேல்தசையில். இரண்டிலும் வராவிட்டால் சோலியஸும் சேர்ந்து குறுகியிருக்கிறது. நடைக்கு முட்டி நீட்டிய நிலையில் சுமார் 10 டிகிரி தேவை.

தவறு அதிகம் நடப்பது கை வைக்கும் இடத்தில். பிள்ளையின் பாதம் வளைந்துகொடுக்கும். முன்பாதத்தைப் பிடித்துத் தள்ளினால், கணுக்கால் அசையாமலே நடுப்பாதம் மடிந்து 20 டிகிரி காட்டும். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, சற்றே உட்புறம் திருப்பிப் பூட்டிக்கொண்டு, பிறகுதான் மெல்லத் தள்ள வேண்டும். கோனியோமீட்டரின் நகரும் கையைச் சுண்டுவிரல் பக்கம் வைக்காமல் குதிகாலின் விளிம்புக்கு இணையாக வைப்பது உத்தமம். மூன்று முறை அளந்து சராசரி எடுத்தாலும் 5 டிகிரி முன்பின் இருக்கத்தான் செய்யும். ஒரே வாரத்தில் 5 டிகிரி முன்னேற்றம் என்று மகிழ ஒன்றுமில்லை. இதே நடுப்பாத மடிப்பு நடையிலும் உண்டு. குதிகால் தரையில் இருக்கும், உள்வளைவு சரிந்து பாதம் வெளிப்புறம் திரும்பியிருக்கும். முன்பாதத்தை மட்டும் அமுக்கி வீட்டில் 'ஸ்ட்ரெச்சிங்' செய்தால் நீள்வது நடுப்பாதம்தான். தசை அப்படியே கிடக்கும்.

மெதுவாகத் தள்ளிய பிறகு அதையே வேகமாக ஒரு முறை. பாதி வழியில் தசை வெடுக்கென்று பிடித்து நிறுத்தினாலோ, பாதம் தொடர்ந்து துடித்தாலோ அது நரம்பு சொல்லும் செய்தி. முட்டி அனிச்சையையும், முதுகுத்தண்டுக் கோளாறைக் காட்டக்கூடிய முடிக்கற்றை, குழி, கொழுப்புக் கட்டி முதுகின் அடியில் இருக்கிறதா என்பதையும் பார்ப்பது ஒரு நிமிட வேலை. சட்டையைத் தூக்கிப் பார்க்கச் சோம்பலே தடை.

'வளர வளரச் சரியாகிடும்' முழுப்பொய்யும் அல்ல. சுவீடனின் பிளெக்கிங்கே பகுதியில் ஐந்தரை வயதுப் பிள்ளைகள் 1436 பேரைப் பார்த்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 4.9 சதவீதம் பேர் காரணமில்லாத நுனிநடைக்காரர்களாக இருந்தவர்கள், அல்லது அப்போதும் இருப்பவர்கள். அவர்களில் பாதிக்கு மேல் அந்த வயதிலேயே நிறுத்தியிருந்தனர். அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்ததில், 10 வயதுக்குள் சிகிச்சையின்றி நிறுத்தியவர்கள் 79 சதவீதம். ஆனால் வளர்ச்சித் தாமதமோ ஆட்டிசம் போன்ற நோயறிதலோ உள்ள 17 பேரில் 7 பேர் நுனிக்காலில் நடந்தவர்கள். எனவே பேச்சு, கண் பார்த்துப் பழகுவது, மணலிலும் புல்லிலும் கால் வைக்க மறுப்பது பற்றிக் கேட்பதும் நடை மதிப்பீட்டில் சேர்ந்ததே.

எல்லாம் முடிந்த பிறகு, பெற்றோரின் போனில் பழைய வீடியோ கேட்பது நல்லது. இரண்டாவது பிறந்தநாளில் கேக்கைச் சுற்றி ஓடியதோ, காதுகுத்து மண்டபத்தில் தாத்தாவிடம் நடந்ததோ எதுவாக இருந்தாலும் சரி. நடக்கத் தொடங்கிய நாள் முதல் நுனிக்கால்தான் என்றால் பழக்கம் என்ற கணக்கு நிற்கும். அந்த வீடியோவில் குதிகால் முதலில் விழுந்து, இன்று விழவில்லை என்றால், ஸ்ட்ரெச்சிங் சொல்லிக்கொடுக்காமல் அன்றைக்கே குழந்தை நரம்பியல் மருத்துவருக்கும் முதுகுத்தண்டு எம்ஆர்ஐக்கும் சீட்டு எழுதிவிட வேண்டும்.