வீட்டிலதான் படிப்பிக்கிறம்

பாடசாலை செல்லாப் பிள்ளைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படலை திறக்கிற எவருக்கும் இந்த வசனம் பழக்கம்: "வீட்டிலதான் படிப்பிக்கிறம்." பெரும்பாலும் வாசலில் நிற்பவரை அனுப்பிவிடத்தான் அப்படிச் சொல்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கொப்பிகூட இருக்காது. ஒரு நாள் ஒரு தாய் அதையே சொன்னபோது நானும் வழமைபோல, "சரி தங்கச்சி, கொப்பியளைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு அடுக்குக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு அந்த விறாந்தையில் நடந்த பேச்சு இன்னும் என்னை விடவில்லை. நான் சொன்ன பதிலுக்குப் பதிலாக வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசிக்கிறேன். ஒன்றும் முழுதாகப் பொருந்துவதாய் இல்லை.

2020 பங்குனியில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது அந்தத் தாயின் மகன் தரம் 1 இல் இருந்தான். அடுத்த ஆண்டும் பெரும்பகுதி அப்படியே போனது. வட்சப்பில் பாடத்தாள் வரும், பெற்றோர் படம் எடுத்து அனுப்புவார்கள். 2022 இல் கொஞ்சம் நிமிர்ந்தோம் என்று பார்த்தால் எரிபொருள் இல்லை. மறுபடி மூடினார்கள், பிறகு கிழமைக்கு மூன்று நாள் என்றார்கள். தாய் உயிரியல் பட்டதாரி, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவர். அந்தக் காலத்தில் தானே படிப்பிக்கத் தொடங்கினார். எல்லோரும் திரும்பிப் போனபோது அவர் மகனை அனுப்பவில்லை. இடாப்பில் பெயருக்கு நேரே கோடு விழுந்தது, பெயர் எங்கள் பட்டியலுக்கு வந்தது. 2023 இல் நான் போனபோது அவனுக்கு ஒன்பது வயது.

அந்தக் கொப்பிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒன்றில் எங்கள் திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழையும் சதுரம் சதுரமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் வெப்பநிலை எழுதியிருந்தான். காலையில் எடுத்தது ஒரு நிறம், பின்னேரம் எடுத்தது ஒரு நிறம். பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஏன் ஒரே சூடு இல்லை என்று கீழே கேள்வி எழுதி, விடைக்கு இடம் விட்டிருந்தான். இன்னொரு கொப்பியில் மீன்களின் பெயர்கள், தமிழில் ஒரு வரிசை, சிங்களத்தில் ஒரு வரிசை. சந்தையில் விற்பவர்களிடம் கேட்டு எழுதியவை. சிங்கள எழுத்து கோணலாக இருந்தாலும் பிழையில்லாமல் இருந்தது. நான் கொண்டுபோயிருந்த தரம் 4 தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன், தட்டாமல் வாசித்தான். தரம் 5 கணக்கு ஒன்று சொன்னேன். அதையும் செய்தான், செய்த விதத்தை எனக்கு விளக்கவும் செய்தான். ஆரம்பப் பிரிவில் நீண்ட காலம் படிப்பித்தவள் நான். எழுத்துக்கூட்ட முடியாமல் தரம் 5 க்கு வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்தவள். இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் ஆசிரியருக்கு எவ்வளவு சந்தோசம் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் தாய் கேட்டார். "பள்ளிக்கூடத்தில படிச்சிருக்கக்கூடியதைவிட இங்க குறைவாப் படிச்சிருந்தாச் சொல்லுங்க மிஸ். நாளைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறன்."

"படிப்பு மட்டும் இல்லையே தங்கச்சி," என்றேன். "நாலு பேரோட பழக வேணும். இந்த ஊரில எல்லா ஆக்களும் இருக்கிறம். நாளைக்கு இவன் அவங்களோட வாழ வேணும். பள்ளிக்கூடம்தான் அதைப் பழக்கும்."

அவர் கோபப்படவில்லை. "நீங்க சேர்க்கச் சொல்ற பள்ளிக்கூடத்தில ஒரு சிங்களப் பிள்ளை படிக்குதா மிஸ்? ஒரு முஸ்லிம் பிள்ளை?" என்று கேட்டார். "இவன் சந்தையில முஸ்லிம் நானாவிட்டதான் கணக்குப் பழகினவன். பின்னேரம் கடற்கரையில கிரிக்கெட் விளையாடுறது சிங்களப் பொடியன்களோட. நீங்க சொல்றதைத்தான் நான் செய்யிறன்."

எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் எந்த ஓர் இனமும் பாதியைத் தொடாத மாவட்டம் இது. ஒரே பஸ்ஸில் ஏறுகிறோம், ஒரே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறோம். ஆனால் காலை ஏழரை மணிக்குப் பிள்ளைகள் பிரிந்து அவரவர் பாடசாலைக்குப் போகிறார்கள். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை, சிங்களப் பாடசாலை. மிசன் பாடசாலைகள் சிலவற்றில் கொஞ்சம் கலப்பு உண்டு, அவ்வளவுதான். மற்றவர்கள் பல்கலைக்கழகத்திலோ வேலையிலோதான் முதன்முதலாக ஒருவர் பக்கத்தில் மற்றவர் உட்காருகிறார்கள். இதைப் பற்றி நானே கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அப்படியிருக்க அந்த விறாந்தையில் அந்த நியாயம்தான் என் வாயில் முதலில் வந்தது. எல்லோரும் சொல்வது அதுதான் என்பதால் வந்திருக்கலாம். அவர் சொன்னதற்கு என்னிடம் மறுபேச்சு இருக்கவில்லை. "சட்டம் இருக்கு தங்கச்சி" என்று மட்டும் சொன்னேன். 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வரை கட்டாயக் கல்வி. 2016 இல் அதை 16 ஆக உயர்த்தினார்கள். அதைச் சொல்லிவிட்டு எழும்பினேன்.

அதே கிழமை, கடற்கரைப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் இன்னொரு வீடு. அங்கேயும் அதே வசனம். "வீட்டிலதான் படிப்பிக்கிறம்" என்று தகப்பன் சொன்னார். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். பிள்ளை இடுப்பில் சின்னத் தம்பியை வைத்துக்கொண்டு கதவு மறைவில் நின்றாள். கொப்பி கேட்டேன். கிடைக்கவில்லை. "என்ன படிச்சனி அம்மா?" என்று கேட்டதற்கு அவள் தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க நான் விரும்பவில்லை. இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நன்னடத்தை உத்தியோகத்தருக்கு அறிவித்தோம், பிரதேச செயலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள், மெல்ல மெல்லக் காரியம் நடந்தது.

ஒரே வசனம், இரண்டு வீடு. அந்தத் தாய்க்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்தப் பிள்ளைதான் என்று பிறகு பலமுறை தோன்றியது. பாடசாலை படிப்புக் கொடுக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு வெளியே ஒரு பெரிய ஆள் தினமும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். இடாப்பில் பெயர் வாசிக்கும்போது பதில் வராவிட்டால் ஏன் என்று கேட்கிறார். பசியோடு வந்த பிள்ளை தெரியும், அடிபட்டு வந்த பிள்ளை தெரியும். 2005 தை மாதம், சுனாமிக்குப் பிறகு பாடசாலை திறந்தபோது இடாப்பு வாசித்த ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. எந்தப் பெயரில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாசித்தோம். 2006 இல் யுத்தத்தால் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் பிறகு கிளிவெட்டி முகாம்களில் வருடக்கணக்காக இருந்தது. அங்கே தாய்மார் அரிசிக்கு அடுத்ததாகக் கேட்டது பிள்ளைகளுக்கு வகுப்பு எப்போது தொடங்கும் என்றுதான். படிப்புக்காக மட்டும் கேட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பு நடக்கிற இடத்தில் பிள்ளை பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது.

ஆனால் இதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது? "உங்கள் பிள்ளையை நாங்கள் கண்காணிக்க வேண்டும்" என்று, அந்தக் கொப்பிகளைப் பார்த்த பிறகு, ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? வேறெங்கோ ஒரு வீட்டில் நடப்பதற்காக உங்கள் வீட்டை நான் சந்தேகிக்கிறேன் என்றல்லவா அது போய்விடும். அதோடு, எழும்பும்போது அவர் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. "ரெண்டு வருசமா நீங்கதானே மூடி வைச்சிருந்தீங்க. அப்ப ஒருத்தரும் வந்து இவன் எப்படி இருக்கிறான் எண்டு பாக்கேல்லயே மிஸ்." உண்மைதான். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகளின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் சொல்லாமல் விட்ட பதிலையும் அவர் அப்போதே தட்டிவிட்டார்.

முடிவு என் கையில் இருந்தது. எங்கள் படிவத்தில் காரணம் எழுத இடம் இருந்தது: வறுமை, நோய், பெற்றோர் வெளிநாடு, வேலைக்குச் செல்லல், ஆவணம் இன்மை. "தாய் நன்றாகப் படிப்பிக்கிறார்" என்பதற்கு இடம் இல்லை. பெயரை விட்டுவிடலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. நான் பெயரை எழுதினேன். "பாடசாலையில் சேர்க்கப்பட வேண்டும், பிள்ளையின் கற்றல் மட்டம் வயதுக்கு மேல்" என்று குறிப்பும் எழுதினேன். அந்தப் பெண்பிள்ளையின் வீட்டில் சட்டத்தைக் காட்டிவிட்டு, படித்த தாயின் வீட்டில் அதை மடித்து வைப்பது நியாயமாகப் படவில்லை. பட்டம் உள்ளவர் என்றால் விடுவோம், கூலிக்குப் போகிறவர் என்றால் விடமாட்டோம் என்று ஆகிவிடும். இலவசக் கல்வி 1945 இல் வந்தது அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தத்தானே. இந்தத் தாயைப் போன்றவர்கள் எல்லோரும் விலகிப்போனால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்க யார் இருப்பார்கள்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் இவற்றில் ஒன்றையும் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

அவர் வழக்கு வம்பு என்று இழுக்கவில்லை. மகனைத் தரம் 4 இல் சேர்த்தார். வகுப்பாசிரியர் நல்லவர். பையனுக்குச் சிநேகிதர்களும் கிடைத்தார்கள். முதல் தவணையில் கொஞ்சம் ஒதுங்கி நின்றான், பிறகு இடைவேளைக்கு முதல் ஆளாக ஓடினான் என்று அதிபர் சொன்னார். நான் நிம்மதிப்பட்டேன்.

அடுத்த ஆண்டு பிரதான வீதியில் தாயைச் சந்தித்தேன். கையில் மாதிரி வினாத்தாள் கட்டு. "எப்படி மகன்?" என்றேன். "தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு வகுப்பு மிஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும் டியூசன். சனி, ஞாயிறும் இருக்கு. எல்லாப் பிள்ளையளும் போகுது, இவன் மட்டும் போகாட்டி அவனுக்கே பயமாயிருக்காம்." கன்னியாக் கொப்பி என்னவாயிற்று என்று கேட்டேன். "நேரமில்லை" என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு போகிற போக்கில், "ஆனா மிஸ், ஒண்டு சொல்ல வேணும். அவன்ட கூட்டாளி ஒருத்தன் காலமை சாப்பிடாம வாறவன். இவன் தன்ட சாப்பாட்டில பாதி குடுக்கிறான். வீட்டில இருந்திருந்தா அவனுக்கு அது தெரிஞ்சிருக்காது" என்றார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா, எனக்குப் பிடிபடவில்லை.

ஏழு கிணற்றின் சூட்டை அளந்த பிள்ளையை நாங்கள் ஒரு பரீட்சை வரிசையில் நிறுத்திவிட்டோம் என்று ஒரு நாள் தோன்றும். பசியோடு வரும் பிள்ளையின் பக்கத்தில் இருத்தினோம் என்று இன்னொரு நாள் தோன்றும். இரண்டையும் செய்தது ஒரே முடிவு. இது தாயின் பிள்ளை என்பதும் உண்மை, ஊரின் பிள்ளை என்பதும் உண்மை. எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று இத்தனை வருட சேவைக்குப் பிறகும் என்னால் கோடு போட முடியவில்லை.

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென ஒரு பதிவேடு திறக்கலாம் என்று எழுதி மேலே கொடுத்தேன். அண்மையில் உள்ள பாடசாலையில் பெயர் இருக்கட்டும். தவணைக்கு ஒருமுறை ஓர் ஆசிரியர் பிள்ளையை நேரில் பார்க்கட்டும், கொப்பிகளைப் பார்க்கட்டும். விளையாட்டுப் போட்டிக்கும் வாணிவிழாவுக்கும் பிள்ளை வரட்டும். சாதாரண தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத இப்போதும் வழி இருக்கிறது. அதற்கு முந்திய பத்துப் பதினொரு வருடத்துக்குத்தான் ஒன்றும் இல்லை என்று விளக்கியிருந்தேன். என் மேலதிகாரி அதைப் பொறுமையாக வாசித்தார். "நல்ல யோசனைதான் டீச்சர்," என்றார். "ஆனா இப்படி ஒரு கதவைத் திறந்தா, அந்தக் கடற்கரை வீட்டுத் தகப்பனும் இதே பதிவேட்டில பேர் போடச் சொல்லி வருவார். அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"தவணைக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பம்" என்றேன்.

"தவணைக்கு ஒருமுறை போதுமா?"

போதாது. அந்தப் பிள்ளை நின்ற கதவு மறைவை நான் பார்த்திருக்கிறேன். கடிதத்தைத் திரும்ப வாங்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. அது அவருடைய கோப்பில்தான் இன்னும் இருக்கிறது.